இலங்கைத்துறையில் ஒரு வெள்ளைச் சட்டை



திருகோணமலையிலிருந்து இலங்கைத்துறைக்குப் போவது ஒரு காலத்தில் பெரிய அலுவல். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்துநின்றே பாதி நாள் போய்விடும். இப்போது மூதூர், சேருநுவர, ஈச்சிலம்பற்று என்று வாகனத்திலேயே போகலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உல்லைக்கழிக் களப்பு. இரண்டும் சேரும் இடம்தான் இலங்கைத்துறை முகத்துவாரம். 2004 சுனாமி அடித்த கரை அது. 2006 சண்டையில் அங்குள்ள சனங்கள் வாகரைக்கு ஓடி, பிறகு மட்டக்களப்பு முகாம்களில் இருந்து, 2007இல்தான் ஊர் திரும்பினார்கள்.

அந்த ஊர்ப் பெண்களுக்கு வீட்டிலேயே கறைநீக்கி செய்யப் பழக்குவதற்காகப் போனேன். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒரே போத்தலில் விட்டு இறுக்கி மூடி எடுத்துப் போயிருந்தேன். சோடா அடியில் கட்டியாகக் கிடந்தது. சேருநுவர தாண்டியதும் வாகனத்தின் குலுக்கத்தில் இரண்டும் கலந்து, மூடி பறந்து, சாரதியின் சட்டையெல்லாம் நுரை. சமூகவியல் படித்தவளுக்கு இரசாயனம் தெரியாததன் பலன் அது. இவை இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும். மிஞ்சுவதில் அழுக்கை எடுக்கும் சக்தி இல்லை. நீங்களும் அப்படிக் கலந்து வைக்காதீர்கள்.

வெறுங்கையோடுதான் போய்ச் சேர்ந்தேன். நாங்கள் கூடிய வீட்டின் கொடியில் ஒரு வெள்ளைப் பாடசாலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில் கபில நிறத்தில் ஒரு வட்டம். அந்தப் பிள்ளை நான்கு நாளாகப் பாடசாலைக்குப் போகவில்லையாம். மற்றச் சட்டை தோளில் கிழிந்துவிட்டது.

"பயத்தில கொதிதண்ணிய ஊத்திப்போட்டன் மிஸ். அதுக்குப் பிறகு எதைப் போட்டாலும் போகுதில்ல" என்றாள் தாய்.

இரத்தத்துக்குச் சுடுதண்ணீர் கூடாது. சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு இறுகுவதுபோல இரத்தமும் துணி நூலில் இறுகிவிடும். உடனே பச்சைத் தண்ணீரில் ஒரு பிடி உப்பைக் கரைத்து அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கசக்கினால் பெரும்பாலும் போய்விடும். மீன் வெட்டும்போது தெறிக்கும் இரத்தத்துக்கும் இதே முறைதான்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "வாகரையில மரத்தடியில இருக்கக்குள்ளதான் நான் பெரியபிள்ளையானன் மிஸ். பதிமூணு வயசு. மாத்த ஒரு துணி இல்ல. பொழுதுபட்டதும் அம்மா என்னைக் கடலுக்குள்ள இடுப்பளவில கொண்டுபோய் நிப்பாட்டினா. உடுப்பும் அதோட கழுவுப்பட்டது. இப்ப வீட்டில தண்ணி இருக்கு, அடுப்பு இருக்கு. அதுதான் சுடவெச்சன்."

கூட்டத்தில் இருந்த பலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வீட்டுக் கிணறு உவர். சவர்க்காரம் நுரைக்காமல் தயிர்போலத் திரிந்து துணியில் ஒட்டுகிறது. இந்தத் தண்ணீரில் எந்தக் கறைநீக்கியும் பாதிதான் வேலை செய்யும். வயதான ஓர் ஆச்சி எழுந்துபோய் அடுப்படியிலிருந்து பொச்சுமட்டைச் சாம்பல் அள்ளி வந்தார். சலித்து, பழந்துணியில் முடிச்சாகக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, "இரவைக்குக் கிடக்கட்டும் மகள். விடிய மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடு" என்றார். சாம்பலில் உள்ள காரம் தண்ணீரின் வன்மையைக் குறைக்கும். பிறகு சவர்க்காரம் நுரைக்கும். இது பருத்தித் துணிக்கு மட்டும். பட்டுக்கு ஆகாது. கையில் புண் இருந்தால் எரியும், தண்ணீர் சேர்த்து ஐதாக்குங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் இந்தச் சிரமமும் இல்லை.

அந்த ஆச்சி சொன்னவற்றில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இருந்ததாக இப்போது தோன்றவில்லை. ஆனால் அவர் சொல்லும்வரை எனக்கு ஞாபகம் வரவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது வடக்கில் எங்கள் உறவுக்காரர் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும்.

வேறு கறைகளையும் கேட்டார்கள். துருக் கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் போட்டு நன்றாக அலச வேண்டும். அதற்குக் குளோரின் போட்டால் கறை இன்னும் கூடும். குளோரினையும் தேசிக்காயையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுப் புகை வரும். கிணற்றுக்குப் போடக் கொடுத்த குளோரின் மிச்சம் சில வீடுகளில் கிடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டால் மங்கிவிடும். வள்ளத்து எஞ்சின் கிறீசுக்கு முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து இளக்கி, பிறகு சவர்க்காரம்.

அந்தச் சட்டைக்கு வருகிறேன். அப்பச்சோடாவைச் சிறிது தண்ணீரில் களியாகக் குழைத்து, வட்டத்தின்மேல் அப்பி ஒரு மணித்தியாலம் விட்டோம். தேய்த்தோம், அலசினோம், மறுபடி அப்பினோம். அடுத்த நாள் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டு, ஈரத்தோடு வெயிலில் விரிக்கச் சொல்லிவிட்டு நான் திரும்பினேன். சுடுதண்ணீரில் இறுகிய கறை முழுதாகப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் தாய் தொலைபேசி எடுத்தாள். பிள்ளை பாடசாலைக்குப் போய்விட்டாளாம்.

"கறை போச்சா?" என்று கேட்டேன்.

"மெல்லிசா ஒரு வளையம் கிடக்கு மிஸ். கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும். அவள்ட பின்னலை நீளமா விட்டுக் கட்டியிருக்கன்" என்றாள்.