கடற்கரைச் சாலையில் ஒரு காலை

ஓர் ஊரை அறிய விழைவோர் அதனை நடந்தே காண வேண்டும். ஊர்தியில் விரைவோர்க்குச் சிலைகள் வழியடையாளங்கள் மட்டுமே. அருகில் சென்று அண்ணாந்து நிற்பவரிடமே அவை பேசும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவர் எழுத்தறியாத என் தந்தையார்.

நெல் மண்டியில் மூட்டை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். 2010 ஆம் ஆண்டில், எனக்கு ஆசிரியப் பணி கிடைத்த மகிழ்ச்சியில், அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். விடியற்காலையில் மெரினாவின் காந்தியடிகள் சிலையிலிருந்து வடக்கு நோக்கி நடந்தோம்.

தமிழ் படித்தவனல்லவா? வழிநெடுக விளக்கவுரை நிகழ்த்தினேன். 1968 சனவரியில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற சிலைகளைக் காட்டினேன். வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன். கடல் கடந்து வந்து தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என ஒவ்வொருவர் பெருமையையும் எடுத்துரைத்தேன். கண்ணகி சிலை 2001 இல் அகற்றப்பட்டு, 2006 இல் மீண்டும் நிறுவப்பட்ட வரலாற்றையும் சொன்னேன். தந்தையார் தலையசைத்தபடி வந்தார்; அவர் பார்வையோ கடலின் மீதே இருந்தது.

உழைப்பாளர் சிலையை அடைந்ததும் அவர் கால்கள் தாமே நின்றன. நால்வர் ஒரு பெரும்பாறையை நகர்த்த முயலும் காட்சி அது. 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக விளங்கிய வங்கச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு. 1959 இல் நிறுவப்பெற்றது. நாங்கள் நடை தொடங்கிய இடத்துக் காந்தியடிகள் சிலையும் அவர் கைவண்ணமே. 1923 இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை எடுத்ததும் சென்னைக் கடற்கரையில்தான் என்றேன்.

அவர் செவிகொடுத்ததாகத் தெரியவில்லை. சிலையை மெல்லச் சுற்றி வந்தார்.

“கையைப் பார்க்காதேப்பா, காலைப் பாரு. பாரமெல்லாம் கால்லதான் நிக்கும். இதைச் செஞ்சவர் சுமை தூக்குறவங்களைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கார்” என்றார். சற்றுப் பொறுத்து, “இவங்க பேரு என்ன?” என்று கேட்டார்.

“பேரு கிடையாதுப்பா. உழைக்கிறவங்க எல்லாரும்தான்” என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் நெஞ்சில் பழைய முள் ஒன்று தைத்தது. கல்லூரியில் சேர்ந்த நாளில், விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘நெல் வணிகம்’ என்று எழுதியிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேளாமலேயே அதன்கீழ் அவர் கைந்நாட்டு வைத்தார். அன்று அச்சிலையின் அடியில் அதனை அவரிடம் சொல்லிவிட்டேன்.

தந்தையார் சிரித்தார். “நெல்லோடதானே இருந்தேன்? போகட்டும் விடு.”

அச்சிரிப்பு அந்தப் பாறையினும் கனத்தது.

நூல்களில் கற்றதை நான் அன்று அவருக்குச் சொன்னேன். தோளில் கற்றதை அவர் எனக்குச் சொன்னார். சிற்பத்தைப் படித்தவர் அவரே. இன்று மாணவர் சேர்க்கை நாளில், ‘கூலி’ என்று எழுதத் தயங்கும் பேனாவைக் காணும்போதெல்லாம் அம்மாணவரிடம் நான் கூறுவது ஒன்றே: சென்னைக்குச் செல்லும்போது அச்சிலையை ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள்; கால்களைப் பாருங்கள்.