புகை வண்டி

போகிப் பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. காலை ஏழு மணிக்கு என் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், நம்ம வீட்டுக்கு மட்டும் போகி முன்னாடியே வந்துட்டுதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவருடைய ஐந்து வயதுப் பெண்ணுக்கு இளைப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். அவர் சிரிப்பு மறந்துபோயிற்று. ஜன்னல் சாத்திய சத்தம்தான் அன்று முழுவதும் என் காதில் இருந்தது.

இது நடந்தது 2025 ஜனவரியில். வண்டி 1988-ல் வாங்கியது, 350 சி.சி. புல்லட். என் முதல் நாவல் புத்தகமாக வந்தபோது கிடைத்த பணத்தோடு, அதைப்போல் நாலு பங்கு கடனும் சேர்த்து வாங்கினேன். நாவலை இன்று யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2003-ல் முதல் 15 ஆண்டுகள் முடிந்து, பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து, 2028 வரை அதற்கு ஆயுள் எழுதி வாங்கி வைத்திருந்தேன். சர்க்கார் கொடுத்த ஆயுளை எஞ்சின் ஒப்புக்கொள்ள வேண்டுமே! ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெயைக் குடித்துவிட்டு நீலமாகப் புகைவிட ஆரம்பித்தது.

அன்று இரவு வீட்டில் மகாநாடு கூடியது.

"வித்துடுங்கப்பா. புதுசா கரண்டில் ஓடற வண்டி ஒண்ணு வாங்கிக்கலாம். புகையும் இல்லை, சத்தமும் இல்லை" என்றான் பையன். 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாகிவிட்டது என்பதையும் விளக்கினான். எனக்கு அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்கத் தெரியவில்லை. மறுக்கத் தெரியாதபோது மனிதர்கள் செய்வதையே நானும் செய்தேன்: உணர்ச்சிவசப்பட்டேன். "37 வருஷம் என்னைச் சுமந்த வண்டியடா!" என்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னையில் வண்டிகளுக்கு மறுபிறவி கொடுக்கும் இடம் அது. அங்கே ஒரு சந்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயது. அதிகம் பேசமாட்டார்.

வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, "முறுக்குங்க சார்" என்றார். முறுக்கினேன். "விடுங்க." விட்டேன். "மறுபடி முறுக்குங்க." கறுப்புப் புகையானால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தமாம், நீலமானால் எண்ணெய் எரிகிறது. வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி முறுக்கும்போது குபுக்கென்று வந்தால் வால்வு பக்கத்தில் கசிவு. பாரம் இழுக்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு கரண்டி எண்ணெயை விட்டு, பிளக்கை மறுபடி மாட்டி, உதைத்துப் பார்த்தார். அதற்கு முன் லேசாக இறங்கிய கிக்கர் இப்போது காலை எதிர்த்து நின்றது.

"ரிங்தான் சார். எண்ணெய் போய் சந்தை அடைச்சதும் கம்ப்ரஷன் வந்துட்டுது பாருங்க."

"சரி செய்யலாமா, விற்றுவிடலாமா?" என்று கேட்டேன்.

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. சிலிண்டரைக் கழற்றி, உட்சுவரில் விரல் நகத்தை ஓட்டினார். மேல் விளிம்பில் நகம் தட்டி நின்றது. "இந்த பேரலை இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கடையலை சார். இன்னும் இடம் இருக்கு" என்றார். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் இருபது கூறு கடைந்து எடுத்தால், அதற்கேற்ற பெரிய பிஸ்டன் கடையில் கிடைக்கிறது. இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1955-ல் சென்னையில் தொடங்கிய தொழில். பூர்விக வீடு எப்போதோ மூடப்பட்டுவிட்டாலும், இங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த எஞ்சினின் அமைப்பை அதிகம் மாற்றாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஆகையால் உதிரிச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. செலவு 18 ஆயிரம். புது வண்டி என்றால் இரண்டு லட்சத்தை நெருங்கும்.

கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"கடைசியா எப்ப சார் ஆயில் அளவு பார்த்தீங்க?"

எனக்கு நினைவில்லை. மூன்று வருஷம் இருக்கலாம். எண்ணெய் கொஞ்சம் எரிய, அளவு குறைய, குறைந்த எண்ணெயில் ஓடி மேலும் தேய, தேய்மானத்தால் இன்னும் எரிய, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இந்த நிலைக்கு வந்திருக்கிறது. மூடியைத் திருகிக் கம்பியை எடுத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

"வண்டி கெட்டுப் போகலை சார். கேட்பாரில்லாமப் போச்சு" என்றார் அவர்.

வீட்டுக்கு வருகிற சிநேகிதர்களிடமெல்லாம் இந்த வண்டியின் பெருமையை நான் பேசியிருக்கிறேன். ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதற்கெல்லாம் எனக்கு அவகாசம் இருந்தது. எண்ணெய் பார்க்கத்தான் இல்லை. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்து, முந்தின இரவு பையனிடம் கண்ணைக் கசக்கியிருக்கிறேன். அந்தச் சந்தில் நின்றபோது ஒன்று தெளிவாயிற்று. பழையதா, புதியதா என்பது இரண்டாவது கேள்வி. எந்த வண்டியை வாங்கினாலும் அது வந்து சேரப்போவது இதே கைகளிடம்தான். கரண்டில் ஓடுகிற வண்டிக்கும் பிரேக் தேயும், டயர் தேயும். அதையும் யாராவது குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

சரிசெய்யச் சொன்னேன். ஆனால் எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன்: மறுபடி நீலப் புகை வந்தால், என் அலட்சியத்துக்கு மாடி வீட்டுக் குழந்தை மூச்சைக் கொடுக்கக்கூடாது, அன்றே வண்டி விற்கப்படும்.

பத்து நாளில் வண்டி வந்தது. முதல் 500 கிலோமீட்டருக்கு மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனேன். மாடி ஜன்னல் ஒருநாள் திறந்தே இருந்தது. குழந்தை கையாட்டியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பழைய வேஷ்டித் துணியும் கையுமாக உட்கார்ந்து அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் மனைவி காப்பி கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள்.

"ஏங்க, மாசா மாசம் இப்படிப் பார்க்கணுமாமா?"

"கட்டாயம் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது" என்றேன் அதிகார தோரணையில்.

"என் ரத்த அழுத்தத்தைக் கடைசியா எப்பப் பார்த்தோம்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார் டாக்டர். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினாறு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் புறப்பட்டேன். மெதுவாகத்தான் போனேன். அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. மாத்திரையை மாற்றி எழுதிக்கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன், எண்ணெய் பார்க்கும் நாளுக்குப் பக்கத்திலேயே.