காலித் தொட்டிக்கு ஒரு திட்டம்

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இந்த மூன்று எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து நான்கு மாதங்களாகின்றன. ஒன்பது கன அடி. ஏறக்குறைய 255 லிட்டர். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது என்பதால் தண்ணீர் மட்டுமே 260 கிலோவுக்கு மேல் வரும். கண்ணாடி, கல், இரும்புத் தாங்கி எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்தாறு பெரியவர்கள் இரவும் பகலும் நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற கனம். எங்களுடையது இரண்டாவது மாடி. சுவரோரமாக, உத்தரத்துக்கு நேர் மேலே வைத்தால் தாங்கும் என்று கட்டிட வேலை தெரிந்த நண்பர் பார்த்துச் சொன்னார். என் மனைவி அவரிடம் கேட்டது வேறு. "தரை தாங்கும். இவர் தாங்குவாரா?"

நண்பர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

2009இலிருந்து 2016வரை ஓர் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி வைத்திருந்தேன். பிறகு பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. மீன் கடைகளைத் தாண்டும்போது சாலையின் எதிர்ப்பக்கம் நடப்பேன். இப்போது மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. பழைய தொட்டி எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் புதிய தொட்டியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

அந்த நாட்களில் விடியுமுன்பே ஸ்கூட்டரில் இரண்டு பிளாஸ்டிக் கேன்களுடன் நீலாங்கரைக்குப் போவேன். வலையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்த ஒருவர் ஒருநாள் கேட்டார்: "கடல் தண்ணி எதுக்கு சார்?" மீன் வளர்க்க என்றேன். அவர் கடலைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வலைக்குத் திரும்பிவிட்டார். அந்த மௌனத்தை வெகுகாலம் அறியாமை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அறியாமை என்னுடையது. வெயில் காலத்தில் தொட்டியில் தினமும் மட்டம் குறையும். குறைந்ததை ஈடுகட்டக் கடல் தண்ணீரையே ஊற்றிவந்தேன். கடலில் குறைந்ததற்குக் கடல்தானே பதில் என்ற எளிய தர்க்கம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். லிட்டருக்கு 35 கிராம் இருக்கவேண்டிய உப்பு எங்கோ ஏறிப் போயிருந்தது. ஹைட்ரோமீட்டர் ஒன்றை வாங்கிவந்து மிதக்கவிட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் மூன்று மீன்கள் போய்விட்டன. படித்த விஷயத்துக்கும் தெரிந்த விஷயத்துக்கும் நடுவில் மூன்று மீன்கள்.

பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. இதன் கொடுமை குறைவு. இந்த இரு கூட்டங்களும் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு வாரம், ஆறு வாரம் ஆகலாம். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. பார்க்க ஒன்றுமில்லாத அந்த ஆறு வாரங்கள்தான் தொட்டியின் ஆதாரம். மற்றதெல்லாம் அதன்மேல் நிற்கிற காட்சி. இது புரிந்த பிறகு நாலைந்து வருடம் தொட்டி நன்றாகவே இருந்தது. கொளத்தூரில் வாங்கிய இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டாம்செல், கல்லிடுக்கை விட்டு வராத ஓர் இறால். வீட்டுக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அது போதவில்லை.

2014இல் ஒருவர் மூலம் ஒரு கல் வந்தது. அதன்மேல் என் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பும் பச்சையுமாக ஒரு பவளம், உயிரோடு. "இதைப் பத்தி வெளியில பேசாதீங்க சார்" என்றார் கொண்டுவந்தவர். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்க முடியாமல் போயிருக்கும் என்பதால்தான் கேட்கவில்லை. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு என்ன சட்டமோ அதுவே இந்தக் கல்லுக்கும். எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதிவிடலாம். தெரியும்.

மண்டபம் பக்கமிருந்து வந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டேன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றியிருக்கும் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். 1986இல் அப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. அரண் போயிருந்த இரண்டு தீவுகளைப் பின்னர் கடல் மூடிக்கொண்டது. லாரிக் கணக்கில் வெட்டியவர்களுக்கு நடுவில் என் உள்ளங்கை அளவு ஒரு கணக்கா என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. பாறைபோல் திரளும் பவளங்கள் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. உள்ளங்கை அளவு என்பது ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கிற காலம்.

2016 மே மாதம் தொட்டியின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டியது. 26, 27இல் இருக்கவேண்டிய தண்ணீர். மின்விசிறியைத் திருப்பிவைத்தேன். ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் கட்டி மிதக்கவிட்டேன். பவளத்தின் நிறம் அதனுடையதல்ல. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் தருவது. சோறும் பெருமளவு அவைதான் போடுகின்றன. சூடு மிஞ்சினால் அந்த உறவு முறிந்து பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. சதை கண்ணாடியாகி உள்ளே இருக்கும் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. என் தொட்டியில் அது இரண்டு வாரங்களில் நடந்தது. அதே கோடையில் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்துக்கொண்டிருந்தன என்று பின்னால் படித்தேன். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது துக்கமல்ல, ஒருவித ஆறுதல். அங்கே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்ற ஆறுதல். இந்த ஆறுதலைப்போல் என்னை வெட்கப்படவைத்த வேறொன்று அந்த ஏழு வருடங்களில் இல்லை.

டிசம்பர் 12 அன்று வர்தா. மத்தியானத்துக்கு மேல் எங்கள் தெருவில் ஐந்து மரங்கள் விழுந்தன. மின்சாரம் போயிற்று. பம்பு நின்றால் தண்ணீரில் பிராணவாயு குறையத் தொடங்கும். பாட்டரியில் ஓடும் ஒரு சிறு பம்பு இருந்தது. அதன் செல்கள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தீர்ந்தன. கடை எதுவும் திறந்திருக்கவில்லை. செல்லுகிற நோட்டு கையில் இல்லாத மாதம் வேறு. ஒரு சொம்பை எடுத்துக்கொண்டேன். தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றுவது, மறுபடி மொள்வது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மனைவி இரண்டு முறை எழுந்து வந்து, நான் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இது என் விஷயம் என்ற வீம்பு. மூன்று மணி வரை ஊற்றியது ஞாபகம் இருக்கிறது. நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

எங்கள் பகுதிக்கு மின்சாரம் வர ஐந்து நாட்களாயிற்று. மீன்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. பாக்டீரியாக்களும் செத்துக் கல் அழுகி எழுந்த நாற்றத்தில் தொட்டியைக் கழுவியவள் அவள்தான். நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளையாகிப்போன பவளத்தை நீலாங்கரைக்கு எடுத்துப் போய்க் கடலில் போட்டேன். அது பிறந்த கடல் அது இல்லை. வேறு எங்கே போடுவது?

இப்போது ஏன் மறுபடியும்? வாசிப்பிலிருந்து ஆரம்பித்தது என்றுதான் சொல்லவேண்டும். லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853இல் கண்ணாடித் தொட்டிகளில் கடல் பிராணிகளைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அதற்காகப் பிராணிகளைச் சேகரித்தவர்களில் முக்கியமானவர் ஃபிலிப் ஹென்றி காஸ். மறு வருடம் அவர் எழுதிய புத்தகத்தால் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் பைத்தியம் இங்கிலாந்தில் பரவியது. அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட சுயசரிதையை அப்பா பிள்ளை மோதலுக்காக நம்மில் சிலர் படித்திருப்போம். அதில் கடற்கரைப் பாறைக் குட்டைகளைப் பற்றி வருகிற பகுதியை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். அப்பாவின் புத்தகங்களைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டுபோனதில் அந்தக் குட்டைகள் காலியாகிவிட்டன. அதற்குத் தாமே பொறுப்பு என்பது அப்பாவை வாட்டியது என்று மகன் எழுதுகிறான். கடலைப் படைத்தவனின் மகிமையாகப் பார்த்த மனிதர். அவருடைய பக்தியே கொள்ளைக்கு வழிகாட்டியது.

இதற்கு நூறாண்டுக்குப் பிறகு, 1961இல், ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறைத் துண்டுகளைத் தொட்டியில் வைத்துக் காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டால் போதும், மற்றதைப் பாறையே பார்த்துக்கொள்ளும் என்று எழுதினார். இயற்கை முறை என்று அதற்குப் பெயர். உண்மையிலேயே வேலை செய்கிற முறை. பின்னால் உலகம் முழுக்கப் பரவிய பவளத் தொட்டிகளில் அதன் சாயல் இருக்கிறது. ஆனால் இயற்கை முறைக்கு இயற்கையிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தாக வேண்டும். என் கல்லும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

2024 ஏப்ரலில் உலகப் பவளங்கள் நான்காம் முறையாகப் பெருமளவில் வெளுக்கத் தொடங்கிவிட்டன என்று அறிவித்தார்கள். 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று முந்தையவை. கடலே வெப்பம் கட்டுக்கடங்காத ஒரு தொட்டியாகிக்கொண்டிருக்கிறது என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். கேட்க நன்றாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். கடலில் யாரும் சொம்பால் மொண்டு ஊற்ற முடியாது. வீட்டுத் தொட்டியில் பவளத்தை வளர்ப்பது பவளத்தைக் காப்பாற்றுவது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 255 லிட்டரில் எதுவும் காப்பாற்றப்படப் போவதில்லை. எனக்கு இருப்பது ஆசை. ஆசையை ஆசை என்றே வைத்துக்கொண்டால் அதற்கு எல்லை போட முடியும். சேவை என்று பெயர் மாற்றிவிட்டால் எல்லை போடுவது கஷ்டம்.

ஆகவே திட்டத்தின் இரண்டாம் பக்கம் வேண்டாதவற்றின் பட்டியல். பவளம் வேண்டாம். கடலிலிருந்து பெயர்த்த கல் வேண்டாம். கடலில் பிடித்த மீன் வேண்டாம். சுட்ட மண்ணில், மெருகிடாமல், துளைகளோடு கற்கள் செய்து, பல வாரங்கள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். பாக்டீரியாவுக்குத் தேவை தங்க ஓர் இடம்தான். அது எந்தக் கடலின் கல் என்று அது கேட்பதில்லை. தண்ணீர் கடையில் விற்கும் உப்பைச் சுத்திகரித்த நீரில் கரைத்தது. ஒன்பது கிலோ உப்பு. குறைந்த மட்டத்துக்கு நல்ல தண்ணீர், கடல் தண்ணீர் அல்ல. இதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

மீன்கள் இரண்டு. பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இவற்றை முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன. ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடுகிறது. அது செத்துப்போனால் எஞ்சியது பெண்ணாக மாறிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம்கூட இருக்கும். எனக்கு இப்போது அறுபத்தொன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டை மூடி ஒரு வாரம் திறக்கவில்லை.

"மறுபடியும் அந்த நாத்தத்தை என்னால கழுவ முடியாது" என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். நியாயம். ஒழுகுகிறதா என்று பார்க்கப் புதிய தொட்டியைப் பால்கனியில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் நிரப்பியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் தினமும் வந்து பார்க்கிறான். "மீன் எங்க தாத்தா?" இன்னும் வரவில்லை என்கிறேன். அவனுக்கு ஏமாற்றமாகத் தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மறுபக்கம் வளைந்து தெரிகிற தெருவைப் பார்க்கிறான்.

மூன்றாம் பக்கத்துக்கு மின்வெட்டு என்று தலைப்பு. இன்வெர்ட்டர் பம்பை எத்தனை மணி நேரம் ஓட்டும், பாட்டரி பம்பு இரண்டு, செல்கள் எப்போதும் கையிருப்பில் எத்தனை, சொம்பு எங்கே இருக்கும். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், எல்லாம் தீர்ந்துவிட்டால் ஒருவர் விழித்திருந்து ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். நேற்று உப்பின் விலையைக் குறித்துக்கொள்ள நோட்டைத் திறந்தபோது அந்த வரிக்குக் கீழே பென்சிலில் அவள் கையெழுத்து இருந்தது.

"மூணு மணிக்கு மேல் நான்."