படமும் பெயரும்

புகைப்படங்களைக் காப்பது வேறு. புகைப்படத் தொகுப்பைக் காப்பது வேறு. கணினியின் இயங்குதளத்தை மாற்றுவோர் பலர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. படம் எடுத்த நாளையும் நேரத்தையும் கேமரா அந்தப் படக்கோப்பிலேயே எழுதிவிடுகிறது. ஆனால், முகங்களுக்கு நாம் சூட்டிய பெயர்களைப் பல செயலிகள் தமக்கென உள்ள தனிப் பதிவேட்டில் வைத்துக்கொள்கின்றன. கூகுள் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் கைவிட்ட பிக்காசா அத்தகையது. அதன் முதன்மைப் பதிவேடு, படங்கள் உள்ள இடத்தில் இராது. கண்ணில் படாத வேறொரு கோப்புறையில் இருக்கும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து போபாலுக்குப் பணி நிமித்தம் சென்ற ஒரு குடும்பத்தில் இது தக்க நேரத்தில் தெரியவந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், வன்தட்டை அழித்துவிட்டு விண்டோஸ் 11ஐ நிறுவத் தந்தையார் முடிவு செய்தார். படக்கோப்புறையை வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்தும் வைத்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்தாள். முகங்கள் எல்லாம் இருந்தன, பெயர்கள் இல்லை.

"அப்பா, அப்பத்தாவுக்கு அருகில் நிற்பவர் யார்?" என்று கேட்டாள். தந்தையாருக்கும் தெரியவில்லை.

பழைய கணினி இன்னும் அழிக்கப்படாதது நல்லதாயிற்று. மகள் அதில் பிக்காசாவைத் திறந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து, கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் ஆட்களின் பெயர்களையும் தமிழில் தட்டச்சு செய்தாள். ஆண்டை முதலில் எழுதினால் படங்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ஆண்டை அறிவதுதான் கடினமாக இருந்தது. வருடி மூலம் கணினியில் ஏற்றிய 1974ஆம் ஆண்டுத் திருமணப் படம், வருடிய நாளான 2013இன் கீழ்க் கிடந்தது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களிலோ எடுத்த நாளே இல்லை. அனுப்பும்போது அக்குறிப்பு நீங்கிவிடுகிறது. வெளியூரில் வாழும் குடும்பங்களுக்கு ஊர்ப் படங்கள் பெரும்பாலும் அவ்வழியாகவே வருகின்றன.

பெயர் இல்லாத படங்களைக் காணொலி அழைப்பில் அப்பத்தாவிடம் காட்டினாள். அவர் வெறும் பெயரைச் சொல்லி நிறுத்தவில்லை. "அவர் உன் ஐயாவின் தாய்மாமன். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்" என்றார். கோப்பின் பெயரில் அவ்வளவும் அடங்காது. ஆதலால் மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் பதினொரு படங்களே முடிந்தன. இயங்குதளம் ஏறக் காத்திருந்த தந்தையாருக்கு அது சற்றே எரிச்சலூட்டியது. ஆயினும் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்தார்.

பின்னர் இரண்டாவது வன்தட்டிலும் ஒரு நகல் எடுக்கப்பட்டது. கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டனர். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில படங்களைத் திறந்தும் பார்த்தனர். திறந்து பார்க்காத நகலை நம்புவதற்கில்லை.

மூன்று முகங்கள் அப்பத்தாவுக்கும் விளங்கவில்லை. அவற்றைத் 'தேவகோட்டைப் பெரியத்தையிடம் கேட்க வேண்டும்' என்ற தனிக் கோப்புறையில் மகள் இட்டாள். விண்டோஸ் 11 அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.