கையை எடுக்க வேண்டிய இடம்

சீட் இறங்குகிறதா, போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கு. இரும்பு சைக்கிள் காலத்தில் இதற்கு மேல் வைத்தியம் கிடையாது. சீட்டைத் தாங்கும் ராடு கார்பனாக இருந்து, அதில் அதே பலத்தைக் காட்டினால் 'கிரக்' என்று ஒரு சத்தம் வரும். சில சமயம் அதுவும் வராது. "சத்தம் வராமப் போறதுதான் சார் ஆபத்து. உள்ள நாரு விட்டுப் போயிருக்கும், வெளிய பாலிஷ் பளபளன்னு இருக்கும்" என்றார் மெக்கானிக்.

திருவான்மியூரில் அவருடைய பட்டறை. ஞாயிறு விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி மாமல்லபுரம் வரை மிதித்துத் திரும்புகிறவர்களின் வண்டிகள் வாரத் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்கின்றன. அவர் அம்பத்தூர்க்காரர், 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர். ஹெர்குலிஸ் வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டித் தொழில் பழகியவர். எந்த நட்டு எவ்வளவு தாங்கும், எப்போது மரை போகும் என்பதெல்லாம் அவருக்குக் கைக்கணக்கு. கார்பன் வந்த பிறகு அந்தக் கைக்கணக்கைத்தான் முதலில் மறக்க வேண்டியிருந்ததாம். கார்பன் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1986 டூர் டி பிரான்ஸில் கிரெக் லெமாண்ட் ஜெயித்தது கார்பன் குழாய் சைக்கிளில்தான். நம் பட்டறைகளுக்கு அது வந்து சேரத்தான் நாளானது.

நான் போனபோது அலுமினிய பிரேம் ஒன்றில் புது கார்பன் ராடு ஏறவிருந்தது. வெர்னியரில் விட்டத்தை அளந்தார்: 27.2 மில்லிமீட்டர். பிரேமின் துளையும் அதே அளவு இருந்தாக வேண்டும். கொஞ்சம் தொளதொளவென்றாலும் கிளாம்ப் ஒரே இடத்தைப் போட்டு நசுக்கும். அடுத்து விரலில் துணியைச் சுற்றித் துளைக்குள் விட்டுத் துழாவினார். துணி ஒரு இடத்தில் மாட்டியது. கிளாம்ப் இறுக்குவதற்காகக் குழாயில் விட்டிருக்கும் பிளவின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு. அதை எமரித் தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, மறுபடி துழாவி, மறுபடி தேய்த்தார். ராடைப் பொருத்த ஆன நேரத்தைவிட இதற்கு ஆனதுதான் அதிகம். பட்டறையின் மற்ற வேலைகளுக்கெல்லாம் எடுக்கிற கிரீஸ் டப்பா மூடியே இருந்தது. கிரீஸ் போட்டால் ராடு வழுக்கும். வழுக்கினால் கை மேலும் முறுக்கத் துடிக்கும். அதனால் கார்பனுக்கென்றே தனிப் பேஸ்ட். தொட்டுப் பார்த்தேன், ரவை கலந்த வாசலின் போல நெருநெருத்தது. அந்த நுண்மணிகள் ராடையும் பிரேமையும் கவ்விக்கொள்வதால் குறைந்த இறுக்கமே போதும்.

ராடைத் திருகாமல் நேராக இறக்கினார். 'இதற்குக் கீழே உள்ளே இருக்க வேண்டும்' என்று ராடில் போட்டிருக்கும் கோடு பிரேமுக்குள் மறைந்ததா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, வைத்த அளவுக்கு இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச். கிளாம்பில் 6 நியூட்டன் மீட்டர் என்றும் ராடில் 5 என்றும் அச்சிட்டிருந்தால் சின்ன எண்தான் கணக்கு. 4இல் தொடங்கி 5க்கு வந்தார். 'டக்'. பக்கத்திலிருந்த பையன் ஆர்வத்தில் ரெஞ்சை வாங்கி இன்னொரு 'டக்' கேட்கப் போனான். "சத்தம் கேட்டாச்சுல்ல தம்பி, கைய எடு!" வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவைக் கீழ்க்கோடி வரை தளர்த்திப் பெட்டியில் வைத்தார். ஸ்பிரிங் இறுகியே கிடந்தால் அது பொய் சொல்லத் தொடங்கிவிடுமாம்.

மூலையில் இன்னொரு வண்டி இருந்தது. அதன் ராடு வருஷக்கணக்கில் உருவப்படாமல் ஒட்டிப்போயிருந்தது. கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியத்தோடு ஒட்டி இருந்து, இடையில் உப்புக் காற்றின் ஈரமும் வியர்வையும் இறங்கினால் அரித்துப்போவது அலுமினியம்தான். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி உப்பி ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் ஊற்றியும் அசையவில்லையென்றால் ராடை வெட்டி, ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு நெடுக்காக அறுத்து எடுக்க வேண்டியதுதான். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் மாஸ்க் இல்லாமல் பையனை அருகில் விடுவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை ராடை உருவித் துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. கடலோர ஊரில் அதைத் தள்ளிப்போடுவது காசுக்குப் பிடித்த கேடு என்பேன்.

உருவும்போதுதான் ராடையும் சோதிக்க முடியும். நெடுக்காக விழும் கீறல் பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றுவிடும். கிளாம்ப் கவ்வும் இடத்தில் குறுக்கே வளையம் போலக் கோடு ஓடி, அதில் நகம் மாட்டினால் ராடு குப்பைக்குத்தான். நாணயத்தால் தட்டிப் பார்த்து, எங்கே சத்தம் மழுங்குகிறது என்று கேட்பதும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி யாருக்கும் அவர் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

புது ராடு போட்ட வண்டியின் சொந்தக்காரர் வந்தார். கிளாம்புக்கு மேலே ஒரு சுற்று டேப் ஒட்டி, "பத்து கிலோமீட்டர் ஓட்டுங்க சார். டேப் கீழ இறங்கினா முறுக்காதீங்க, கொண்டாங்க" என்றார் மெக்கானிக். ராடுக்குப் பல ஆயிரம் கொடுத்த அந்த மனிதர் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார். பிசிறு தேய்த்த நேரத்தை ரசீதில் எந்த வரியில் எழுதுவது? ஐம்பது குறைத்துக்கொண்டார்.