சீட்டுக்கு முன் பெட்டி

ஓர் ஆசிரியருக்குத் தபாலில் அழைப்பாணை வருகிறது. பிஸ்கால் தயாரித்த யூரர் இடாப்பில் தம் பெயர் இருப்பதை அவர் அன்றுதான் அறிகிறார். வீட்டில் முதலில் எழும் பேச்சு நீதியைப் பற்றியதன்று. வைத்தியச் சான்றிதழை எவரிடம் பெறலாம் என்பதே. கொலை வழக்கொன்றில் தீர்ப்புக் கூறி எவருடைய பகையைத் தேடிக்கொள்வது? நம் நாட்டின் படித்த குடும்பங்களில் இது புதுமையான காட்சியன்று.

அவர் போகிறார். மேல் நீதிமன்றத்தில் பெயர்ச் சீட்டுக்கள் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன. அழைக்கப்படுபவரை எதிரியோ வழக்குத் தொடுநரோ ஆட்சேபிக்கலாம். ஆட்சேபத்திற்குத் தப்பிய எழுவர் சேர்ந்ததும் யூரி அமைந்துவிடுகிறது. எழுவரும் ஒருமனப்பட வேண்டுமென்பதுமில்லை. ஐவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமும் நின்றாலும் தீர்ப்புச் செல்லும்.

எவர் பெயர் வருமென்பதை எவரும் முன்னறியார் என்பதே இம்முறைக்குரிய பெருமை. எனினும் சீட்டு எடுக்கப்படு முன்னரே மற்றொரு தெரிவு நடந்து முடிந்துவிடுகிறது. இலங்கையின் யூரர் இடாப்பு ஒன்றன்று. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாக மூன்று. எந்த இடாப்பு என்பதை, நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றி, எதிரியே தெரிவு செய்கிறான்.

இதற்கொரு பழைய வேர் உண்டு. சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1811 இல் யூரி முறையை இங்கு புகுத்தியபோது, யூரர் பதின்மூவராகவும் எதிரியின் சாதியினராகவும் இருந்தனர். பின்னர் சாதி நீங்கியது. மொழி அவ்விடத்தில் அமர்ந்தது. தன் மொழி அறியாதார் முன் ஒருவன் உயிருக்கு வழக்காடலாகாது என்பது நியாயமே. அந்நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்நாட்டில் மொழியைத் தெரிவு செய்வது பெரும்பாலும் இனத்தைத் தெரிவு செய்வதாகவே முடிகிறது.

பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பிற் சுட்டுக்கொல்லப்பட்டார். எதிரிகள் சிங்களம் பேசும் யூரியைக் கோரினர். இறந்தவர் தரப்பின் ஆட்சேபம் பயனளிக்கவில்லை. 2016 டிசம்பர் 24 ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு யூலையில், குமாரபுரத்தில் 1996 இல் இருபதுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்ட வழக்கிலும் இராணுவத்தினர் அறுவரை அநுராதபுரத்து யூரி விடுவித்தது. அத்தீர்ப்புக்கள் பிழையென வெளியிலிருந்து துணிந்துரைப்பது எளிதன்று. சான்றுகளை முழுதும் கேட்டவர்கள் அந்த எழுவரே. ஆயினும் தீர்ப்பின் மீது நம்பிக்கை வைக்கும்படி எவரிடம் கேட்கப்படுகிறதோ, அவர்கள் அந்த அறையில் இருக்கவில்லை.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் யூரிக்கு இடமே வைக்கவில்லை; நீதிபதி தனித்திருந்து விசாரிப்பதே அதன் விதி. அச்சட்டத்தின்கீழ் நிறுத்தப்பட்ட தமிழ் இளைஞர் எவரிடமும், எந்த மொழி பேசும் எழுவர் வேண்டுமென்று எவரும் வினவியதில்லை. ஒருவருக்குப் பெட்டியைத் தெரிவு செய்யும் உரிமை. மற்றவருக்குப் பெட்டியே இல்லை.

நமது ஆசிரியரின் சீட்டு அன்று ஆறாவதாக வருகிறது. எதிரி அவரை ஏறிட்டுப் பார்க்கிறான், ஆட்சேபம் இல்லை. முதல் வரிசையில் இறந்தவனின் தாய் அமர்ந்திருக்கிறாள். அவளிடம் எதுவும் கேட்கப்படவில்லை.