நகையை அடகு வைக்கும் முன்னால்...

லக்னோ கிளையில் நகைக் கடன் கேட்டு வர்றவங்க சொல்ற காரணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான். எங்க செக்யூரிட்டியும் வளையலோட வந்தார். அப்பாவுக்கு 74 வயசு, இடுப்பெலும்பு முறிவு. இன்சூரன்ஸ் இல்லை. "ஏழைங்க பட்டியல்ல எங்க பேர் இல்லையே சார்"ன்னார்.

பட்டியல் தேவையில்லைங்க. 70 வயசு நிறைஞ்ச யாருக்கும் வருமானம் பார்க்காம ஆயுஷ்மான் அட்டை உண்டு, 2024 அக்டோபரிலிருந்து. வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆதார் போதும். பழைய வியாதிக்கும் செல்லும்.

ஆனா ஒண்ணு. திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான். தினசரி பிரஷர், சுகர் மாத்திரைக்கு உதவாது. அதுக்கு ஜன் ஔஷதி கடை இருக்கு. பிராண்ட் பேர் வேண்டாம், மருந்தோட பேரை எழுதித் தாங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

வீட்ல பெரியவங்க இருந்தா, நல்லா இருக்கும்போதே அட்டையை எடுத்து வெச்சிடுங்க மக்களே.